மறு: 'ஈஸ்' என்பதற்குத் தமிழ் என்ன? (மொத்தச் சுவெற்றர் விஷயம்)

அன்பின் நண்பர்களுக்கு,

'ஈஸ்' (ease, உடம்புக்கும் உடுப்புக்கும் நடுவில் விடும் இடம்) என்று போன கிழமை நான் தமிழ் கேட்ட ஒரு சொல்லுக்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. பின்னணி தெரியாமல் சிலர் கேட்டிருந்ததால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் நாங்கள் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து ஒரு சிறு கைநூல் செய்கிறோம். பிள்ளைகளிடம் கனடாவுக்கும் லண்டனுக்கும் குளிர்காலத்தில் போகிற ஐம்பது, அறுபது வயது அம்மாமார் பருத்த கம்பளிச் சுவெற்றரை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்பதுதான் பொருள். கொழும்பில் நடு இரவில்கூட 22 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நுவரெலியாப் பயணத்துக்கும் ஏசி போட்ட கந்தோருக்கும் தவிர சுவெற்றர் தேவைப்படாத ஊர். அதனால் எங்களிடம் பழக்கமும் இல்லை, சொல்லும் இல்லை.

சின்னச் சிக்கலை முதலில் முடித்துவிடுகிறேன். 'மொத்தப் பின்னல்' என்று நான் எழுதியது தமிழ்நாட்டு நண்பர்களைக் குழப்பிவிட்டது. இங்கே மொத்தம் என்றால் தடிமன். ஆனால் புறக்கோட்டைக் கடை வாசலில் அதையே எழுதி வைத்தால் இங்கேயும் மொத்த வியாபாரம் என்றுதான் வாசிப்பார்கள். 'தடிப்புப் பின்னல்' என்றால் ஊரில் தலைக்கனத்தைச் சொல்வதாகிவிடும். கொட்டாஞ்சேனை அண்ணை சொன்ன 'பருநூல் பின்னல்' எனக்குப் பிடித்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். நூல்பந்தின் உறையில் 5, 6 என்று இலக்கம் போட்டு வருவதெல்லாம் பருநூல்.

இனி 'ஈஸ்'. உடம்பின் சுற்றளவுக்கும் உடுப்பின் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம் அது. வந்த யோசனைகளில் இரண்டு:

> 'விடுப்பு' எனலாமே. விட்டுத் தைக்கும் அளவுதானே?

கோயம்புத்தூர் ஐயா, உங்கள் ஊரில் விடுப்பு என்றால் லீவு. எங்கள் ஊரில் விடுப்பு என்றால் அடுத்த வீட்டு வம்பு. 'அம்மாவின் சுவெற்றரில் 10 செ.மீ. விடுப்பு இருக்க வேண்டும்' என்று அச்சடித்தால், அவ்வளவுதானா என்று கேட்கக்கூடிய ஆச்சிமார் பலரை எனக்குத் தெரியும்.

> 'தளர்வு' போதாதா?

சொல்லில் பிழை இல்லை. ஆனால் 'மார்புத் தளர்வு 8 செ.மீ.' என்று அறுபது வயதுப் பெண்ணிடம் எழுதிக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

இந்தச் சொல்லுக்கு நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்பதற்கு ஒரு கதை. முதல்முறை மகளிடம் போகும்போது நுவரெலியாவில் ஒரு கடையில் பருநூல் சுவெற்றர் ஒன்றை எடுத்தேன். என் அளவைப் போட்டுப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்தது. கடைக்காரர் அடுத்த அளவைத் தந்தார், அது நெஞ்சைப் பிடிக்கவில்லை, வாங்கிவிட்டேன். ரொறொன்ரோவில் பனியில் நின்று எடுத்த முதல் படத்தில் மெத்தையைச் சுருட்டி நிறுத்தியது போல நிற்கிறேன். வீட்டில் அந்தப் படத்தை இன்னும் யாரும் அழிக்கவில்லை.

போன மாதம் அதே சுவெற்றரைக் கட்டிலில் விரித்து நாடா பிடித்தேன். மார்பு அகலம் 58, ஆகச் சுற்றளவு 116. என் சுற்றளவு 104. கணக்குப்படி 12 செ.மீ. மிச்சம். ஆனால் துணியின் தடிமன் 7 மி.மீ. நாங்கள் சுற்றி அளப்பது வெளிப்பக்கத்தை, உடம்பு இருப்பதோ உள்ளே. ஆரை 0.7 செ.மீ. குறைந்தால் சுற்றளவு 2 × 22/7 × 0.7, அதாவது 4.4 செ.மீ. குறையும். (முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த கை, விடாது.) உள்ளே உண்மையில் மிஞ்சுவது 7.6. முதலில் போட்டுப் பார்த்த அளவு வெளியே 108 என்று வைத்தால் உள்ளே அது 103.6, என் உடம்பையும்விடக் குறைவு. பிடிக்காமல் என்ன செய்யும்?

உள்ளே இடம் போதாமல்தான் நாங்கள் பெரிய அளவுக்குப் போகிறோம். போனால் மார்பு மட்டுமா பெரிதாகிறது? தோள் மூட்டு (சுவெற்றரில் கையை இணைக்கும் தையல்) கையில் இறங்குகிறது, சுவெற்றரின் கை விரல்களை மூடுகிறது, கீழ்விளிம்பு இடுப்பின் அகலமான இடத்திலேயே வந்து நிற்கிறது. மெத்தையாகத் தெரிவது இவற்றால்தான். நூலின் பருமன் மேல் பழியைப் போட்டு, 'இந்த வயதில் எங்களுக்குச் சரிவராது' என்று அலுமாரியில் வைத்துவிடுகிறோம்.

ஆகவே அம்மாமாருக்கு நான் சொல்ல விரும்புவது, உள்ளே எவ்வளவு மிஞ்சுகிறது என்று முதலில் பாருங்கள், பிறகு தோள் மூட்டைப் பாருங்கள் என்பதுதான். மூட்டு தோள் எலும்பின் நுனியில் நிற்க வேண்டும். கூன் விழத் தொடங்கிய தோளுக்கு ரக்லன் கை நல்லது, அதில் தையல் கழுத்திலிருந்து கமக்கட்டுக்குச் சரிவாக ஓடுவதால் தோளில் மூட்டே இல்லை. (ரக்லன், காட்டிகன் இரண்டும் கிரைமியப் போரில் இருந்த இரு ஆங்கிலேயப் பிரபுக்களின் பட்டப்பெயர்கள். இவற்றுக்குத் தமிழ் தேடும் வேலையை நான் எடுக்கவில்லை.) கீழ்விளிம்பு இடுப்பு எலும்போடு முடியட்டும், இல்லையென்றால் துணிந்து தொடை நடுவுக்கு இறங்கட்டும். கழுத்து 'வி' வடிவாகத் திறந்திருந்தால் முகம் மேலே வரும். கையை மணிக்கட்டுக்கு மேலே தள்ளிவிட்டால், உடம்பில் மெலிந்த இடம் ஒன்று கண்ணில் படும், மிச்சமும் மெலிந்ததாகத் தெரியும். பருநூல் ஒன்று போதும், அதற்கு மேலே பருநூல் சால்வையும் சுற்ற வேண்டாம்.

சீலை கட்டுகிறவர்களுக்குத் தலைவழியே போடும் சுவெற்றரை நான் சொல்லமாட்டேன், கொய்யகம் (சீலையின் முன்மடிப்பு) நசிந்து வயிற்றில் இன்னொரு சுற்று ஏறும். முன்பக்கம் திறந்த காட்டிகன்தான். முந்தானையை உள்ளே விட்டுப் பொத்தான் பூட்டாமல் விட்டால், இரண்டு விளிம்பும் கழுத்திலிருந்து நேரே இறங்கும். சீலைக்கரையும் கொஞ்சம் தெரியும், அதுதானே எங்களுக்கு வேண்டியது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தையற்காரரிடம் சட்டைத்துணி கொடுக்கப் போனபோது, நான் எதுவும் கேட்காமலே அவர் கேட்டார்: "அளவாத் தைக்கவோ, இளக்கமாத் தைக்கவோ?" நாற்பது வருடமாகக் காதில் விழுந்த சொல். அங்கேயே நின்று சிரித்துவிட்டேன்.

என் முன்மொழிவு: ஈஸ் = இளக்கம். உடுப்பு உடம்பைவிடப் பெரிதாக இருந்தால் இவ்வளவு செ.மீ. இளக்கம், சிறிதாக இருந்தால் இவ்வளவு செ.மீ. இறுக்கம், இரண்டும் இல்லையென்றால் அளவு. பருநூலுக்கு மட்டும் 'உள்ளிளக்கம்', 'வெளியிளக்கம்' என்று பிரித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன சுவெற்றரின் வெளியிளக்கம் 12, உள்ளிளக்கம் 7.6.

வெள்ளவத்தையிலிருந்து
அன்புடன்

— — —

கோயம்புத்தூரிலிருந்து:

அம்மா, விடுப்பை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், விடுப்பு எடுத்துக்கொண்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இளக்கத்தில் எனக்கு ஒரு தயக்கம். எங்கள் பக்கம் இளகுவது பாகும் மனமும்தான். சித்த மருத்துவத்தில் லேகியத்துக்கே இளகம் என்று பெயர். 'இளக்கமான சுவெட்டர்' என்றால் மிருதுவானது என்று நினைப்பார்கள். திருப்பூரில் பனியன் தைக்கிறவர்கள் 'லூஸ்' என்றுதான் சொல்கிறார்கள். இன்னொன்று, அளவு அட்டவணையில் இளக்கத்துக்கு ஒரு கட்டம், இறுக்கத்துக்கு ஒரு கட்டம் என்று போட முடியாது. குறை இளக்கம், மிகை இளக்கம் என்றால் ஒரே கட்டத்தில் அடங்கும்.

— — —

ரொறொன்ரோவிலிருந்து:

அக்கா, நான் இங்கே ஊசியும் நூலுமாக இருக்கிறவள். இளக்கத்துக்கு என் வாக்கு உண்டு. இறுக்கத்தில்தான் சிக்கல். பிரித்தானியப் பின்னல் குறிப்புகளில் 'ரென்சன்' (tension) என்று ஒன்று வரும், பத்து செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி (பின்னல் வளையம்) என்ற கணக்கு. 5ஆம் இலக்க நூலில் ஏறக்குறைய 12 முதல் 15 கண்ணி வரும், 6இல் 7 முதல் 11. அதை இறுக்கம் என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் மோதுமே?

பக்கத்து வீட்டு அன்ரிக்கு உங்கள் கணக்கைப் போட்டுக் காட்டினேன். தன்னுடைய மூன்று சுவெற்றரையும் விரித்து அளந்துவிட்டார். ஒன்றை எனக்குத் தந்துவிட்டார், எனக்கும் அது பெரிது.

— — —

வெள்ளவத்தையிலிருந்து, மறுபடியும்:

தங்கச்சி, ரென்சனை 'கண்ணி நெருக்கம்' என்று வைத்தால் என்ன? எத்தனை கண்ணி நெருங்கி நிற்கிறது என்றுதானே எண்ணுகிறீர்கள். பருநூலில் நெருக்கம் குறைவு, நுண்ணூலில் அதிகம். இறுக்கம் உடம்புக்கு, நெருக்கம் கண்ணிக்கு. கண்ணி என்றால் இங்கே சிலருக்கு வெடிதான் முதலில் நினைவுக்கு வரும், தெரியும். ஆனாலும் பூத்தொடுக்கிறவர்களும் சொல்கிற அந்தச் சொல்லைக் கைவிட மனமில்லை.

ஐயா, அட்டவணைக்கு −5, +10 என்று குறி போட்டுவிடலாம், ஒரு கட்டம் போதும். 'குறை இளக்கம்' கணக்குக்குச் சரி, ஆனால் காலுறை காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதை யாரும் குறைந்த இளக்கம் என்று சொல்லமாட்டார்கள். உங்கள் பக்கத்துக்காக முதல் இடத்தில் மட்டும் 'லூஸ்' என்று சேர்த்து எழுதுகிறேன். மிருது என்று யாரேனும் நினைத்தாலும் பருநூல் சுவெற்றருக்கு அது கெடுதல் இல்லை.

கொட்டாஞ்சேனை அண்ணை தொலைபேசியில் எழுப்பிய ஆட்சேபம்தான் கொஞ்சம் உறைத்தது: 'ள' போய் 'ல' விழுந்தால் இலக்கமாகிவிடும். அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டு வைத்தேன். நேற்று அச்சகத்திலிருந்து முதல் படி வந்தது. 'மார்பில் 8 செ.மீ. இலக்கம்', 'உள்ளிலக்கம் பார்த்து வாங்கவும்', இன்னும் ஓரிடம். மூன்றையும் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.