புதுப்பிப்பு: ஊட்டி குழாய்த் தோட்டத்து லெட்யூஸ் தேறிவிட்டது

மூன்று வாரத்துக்கு முன், மண்ணில்லாமல், தொட்டியிலிருந்து பம்ப் வழியே சத்துக் கரைசல் ஓடும் பிவிசி குழாயில் வைத்த லெட்யூஸ் கீரையின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது என்று கேட்டிருந்தேன். பலர் இரும்புச் சத்து சேர்க்கச் சொன்னீர்கள். ஒருவர் மட்டும் முதலில் பிஎச் (கரைசலின் அமில-காரத் தன்மையின் அளவு) பாருங்கள் என்றார். அவர் சொன்னதுதான் சரி. கரைசலில் இரும்பு இருந்தது, ஆனால் பிஎச் 7.4. அந்த அளவில் செடியால் அதைச் சரியாக எடுக்க முடியாது. கையுறை போட்டுக்கொண்டு, பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 6-க்குக் கொண்டுவந்தேன். பழைய இலைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் பத்து நாளில் துளிர்த்த இலையெல்லாம் நல்ல பச்சை! பார்க்கவே மனசு நிறைகிறது.

அப்புறம் குளிர். இந்த உறைபனி நாட்களில் காலையில் தொட்டித் தண்ணீர் 8 டிகிரிதான், வேர் மந்தமாகிவிடும். தொட்டியைத் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கி, மேலே பழைய கம்பளியைப் போர்த்தினேன். இப்போது 12-க்குக் கீழே போவதில்லை.

தீராதது மின்வெட்டு. பம்ப் நின்றால் குழாயில் வேர் சீக்கிரம் காய்கிறது. அதனால் ஆறு வாளிகளில் க்ராட்கி முறையில், அதாவது கரைசலை ஓடவிடாமல் தேக்கி வைத்து, நாற்று வைத்திருக்கிறேன். அதற்குப் பம்பே வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய உண்டாகும் இடைவெளியில் வேர் காற்றை எடுத்துக்கொள்ளும். அறுவடையானதும் படம் போடுகிறேன்.