ஒரே சோயா, இரண்டு மண்: இறைப்பை எப்படிப் பிரிப்பது?

உரும்பிராய்த் தோட்டம்:
வணக்கம். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் செம்மண் தறை 4 பரப்பு (16 பரப்பு ஒரு ஏக்கர்). மனைவியின் சீதனக் காணி வடமராட்சி கிழக்கில் 3 பரப்பு, முழுக்க மணல். கார்த்திகைக் கடைசியில் இரண்டிலும் அடுத்தடுத்த நாள் சோயா போட்டேன். மார்கழி நடுவோடு மழை விட்டுவிட்டது. அன்றிலிருந்து இரண்டுக்கும் நாலு நாளைக்கு ஒருமுறை பாத்தி நிரம்ப இறைக்கிறேன். இப்போது 40 நாள், பூ வந்துவிட்டது. மணலில் மத்தியானமே இலை தொங்கிப் பின்னேரம்தான் நிமிர்கிறது. உரும்பிராயில் வாய்க்கால் ஓரப் பாத்திகள் மஞ்சளடிக்கின்றன. யூரியா போடச் சொல்கிறார்கள், நான் இன்னும் போடவில்லை. இரவில் பனி, பகலில் மூட்டம். இந்த ஈரக் காற்றுக்குத் தண்ணீரைக் குறைக்கலாமா? இந்தப் போகத்துக் காசு முழுக்க இதில்தான் கிடக்கிறது.

கோப்பாய் அக்கா:
தம்பி, யூரியாவைத் தொடாதேங்கோ. மஞ்சள் பாத்தியில் ஒரு செடியை மண்ணோடு கிண்டி எடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கோ. உள்ளே இளஞ்சிவப்பு என்றால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது, யூரியா தருவதும் அதே சத்துத்தான். சாம்பலோ கபிலமோ என்றால் வேலை நின்றுவிட்டது. எந்தப் பாத்திக்குத் தண்ணீர் மாறினாலும் வாய்க்கால் ஓரம் நனையும்தானே. காற்றுப் போகாமல் முடிச்சு செத்துவிடும். அந்த ஓரத்து வரம்பை உயர்த்துங்கோ.

மருதங்கேணி ஐயா:
எங்கள் வடமராட்சி கிழக்கு மணல் ஒரு அடி ஆழத்துக்கு ஏறத்தாழ 20 மி.மீ. உயரத் தண்ணீர்தான் பிடிக்கும். அதில் பாதி போனதுமே செடி தவிக்கும். மூட்ட நாளிலும் பூக்கும் சோயா 4 மி.மீ. அளவு குடிக்கும். அப்போ நாலு நாள் எப்படித் தாங்கும்? இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஆனால் 10 மி.மீ. மட்டும். ஒரு பரப்புக்கு அது சுமார் 2,500 லீற்றர். பாத்தி நிரம்ப விட்டால் மிச்சம் வேருக்குக் கீழே போய்விடும், போட்ட உரமும் கூடப் போகும்.

இன்னொன்று, கரையோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. மெசினை நீட்டி ஓடவிட்டால் கீழிருந்து உவர் ஏறிவரும். ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாய் இறைப்பது செடிக்கு மட்டுமல்ல, கிணற்றுக்கும் நல்லது.

செம்மண் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும், வேரும் ஆழமாய்ப் போகும். ஒரு சாண் ஆழத்து மண்ணைப் பிசைந்து பாருங்கள். உருண்டை உடையாமல் நின்றால் இன்று இறைப்பு வேண்டாம். செம்மண்ணுக்கு நாட்களை எண்ணி இறைக்காதீர்கள்.

கோப்பாய் அக்கா:
ஐயா சொன்னதுதான் சரி. ஸ்பிரிங்ளர் வைத்திருந்தால் காலையில் போடுங்கோ. பின்னேரம் நனைந்த இலை பனியோடு சேர்ந்து விடியும்வரை காயாது, பூஞ்சணம் பிடிக்கும்.

உரும்பிராய்த் தோட்டம்:
அக்கா, இன்று காலை கிண்டினேன். வாய்க்கால் ஓரத்துச் செடியில் 11 முடிச்சு, இரண்டில்தான் சிவப்பு. நடுப் பாத்திச் செடியில் கிள்ளியதெல்லாம் சிவப்பு! செம்மண் உருண்டை ஐந்தாம் நாளும் உடையவில்லை. நான் இவ்வளவு நாளும் தண்ணீரால் அதை மூச்சுமுட்ட வைத்திருக்கிறேன். வரம்பை உயர்த்தியாச்சு. ஐயா, பிஞ்சு முற்றும்வரை மணலுக்கு இந்த இரண்டு நாள் கணக்கு மாறுமா?

மருதங்கேணி ஐயா:
மாறும். காய் நிரம்பும் காலம்தான் செடி கூடக் குடிக்கும். அப்போ வெயிலும் ஏறியிருக்கும், தினமும் கையில் மண்ணை எடுத்துப் பாருங்கள். காய் மஞ்சளாகத் தொடங்கினதும் மெசினை நிறுத்திவிடலாம்.