கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு காற்றோடு ஏற்பட்ட பழக்கம்

பயணங்களில் காட்டு விலங்குகளை நேருக்கு நேர் கண்ட அனுபவங்களைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது பெரும்பாலும் ஒரு காற்று. இடையில் சில விலங்குகளும் ஒரு மனிதரும் வருகிறார்கள்.

சிலி நாட்டின் தென்கோடியில், மகெல்லன் நீரிணையின் கரையில் உள்ள பூன்டா அரேனாஸ் துறைமுகத்திலிருந்து அன்டார்க்டிகாவை நோக்கிப் புறப்படும் ஆய்வுக் கப்பல் ஒன்றில், கடல்நீரில் கரைந்துள்ள கார்பனை அளக்கும் வேலைக்காக, ஒரு டிசம்பர் மாதத்தில் நான் ஏற வேண்டியிருந்தது. ஏறிவிட்டால் நாற்பது நாளைக்கு உறங்குவதும் உண்பதும் பிறரோடுதான். அதற்கு முன் ஐந்து நாள் கையில் இருந்ததால், சிறிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். சாவியைக் கொடுத்த பெண்மணி காப்பீட்டைப் பற்றிப் பேசியதைவிடக் கார்க் கதவைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்: வண்டியைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்த வேண்டும், கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். தூத்துக்குடிக் கடற்கரையில் கச்சான் காற்றில் வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் மிகையாகத் தோன்றியது. பூன்டா அரேனாஸில் காற்று மிகும் நாட்களில் நடந்து போகிறவர்கள் பிடித்துக்கொள்வதற்கென்று தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள் என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் தெற்கே, நீரிணையை ஒட்டிய சாலையில் சென்றேன். 1584இல் ஸ்பானியர்கள் அங்கே ஒரு குடியிருப்பை அமைத்தார்கள். பெரும்பாலோர் பட்டினியால் மடிந்தார்கள். 1587இல் அங்கு வந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் காவென்டிஷ் வைத்த ‘பஞ்சத் துறைமுகம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதற்கு அருகில்தான் பிரிங்கிள் ஸ்டோக்ஸின் கல்லறை இருக்கிறது. ஆங்கிலேயக் கடற்படையின் பீகிள் என்ற ஆய்வுக் கப்பலின் முதல் பயணத்தில் அதன் தலைவராக இருந்தவர் அவர். இந்தக் கரைகளை அளந்து வரைபடமாக்கும் வேலையில், ஓயாத மழையிலும் புயலிலும் மனம் உடைந்து, 1828 ஆகஸ்டில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஃபிட்ஸ்ராய்தான் அடுத்த பயணத்தில் டார்வினை அழைத்துச் சென்றவர். டார்வினை எல்லோருக்கும் தெரியும். ஸ்டோக்ஸின் கல்லறையில் நான் நின்ற அரைமணி நேரத்தில் வேறு எவரும் வரவில்லை. அளக்கும் வேலைக்குப் புறப்பட்டவன் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல என்று அன்றிரவு தோன்றியது என்னவோ உண்மை.

அடுத்த நாள் வடக்கே, புவெர்ட்டோ நட்டாலெஸ் ஊர் வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். வழியெங்கும் மஞ்சள் புல்வெளியும் கம்பி வேலியும்தான். ஆங்காங்கே நின்ற மரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து, வாரிவிட்ட தலைமுடிபோலக் கிளைகளை ஒரே பக்கமாக நீட்டியிருந்தன. காற்று இடப்பக்கமிருந்து தள்ளிக்கொண்டே இருந்ததால் ஸ்டியரிங்கை எப்போதும் சற்று இடது பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. மேட்டுச் சரிவு ஒன்று காற்றை மறைக்கும் இடத்தில் வண்டி சட்டென்று இடப்பக்கம் பாயும். சரிவு முடிந்ததும் யாரோ தோளால் இடித்ததுபோல வலப்பக்கம் தள்ளப்படும்.

டோரெஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில் இரண்டு நாள் இருந்தேன். கருங்கல் கோபுரங்களின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு மாலையில், ஒட்டக இனத்தைச் சேர்ந்த குவானாக்கோக்கள் சுமார் இருபது, குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. மேட்டின் மேல் தனியாக நின்ற கிடா ஒன்று, குதிரை கனைப்பதும் மனிதன் சிரிப்பதும் கலந்தது போன்ற ஒரு குரலை எழுப்பியது. அத்தனையும் தலையைத் தூக்கி ஒரே திசையில் பார்த்தன. பூமா என்ற பெரிய காட்டுப்பூனை இருந்தால் இப்படித்தான் எச்சரிக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், இருகண்ணோக்கியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அந்தப் புதர்களைத் துழாவினேன். பூமாவைப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான், பார்க்கவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் கிடா தன் பார்வையைத் திருப்பவில்லை.

மறுநாள் சர்மியெண்டோ ஏரியில்தான் கதவு போனது. அதன் கரையைச் சுற்றி நுண்ணுயிர்கள் கட்டிய சுண்ணாம்புப் பாறை வெள்ளை விளிம்பாக ஓடுகிறது. என் தொழிலே நீரில் கரைந்த கார்பன் என்பதால், அதைக் கண்டதும் மற்ற எல்லாம் மறந்துபோய், காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஒரு கையால் கதவைத் திறந்தேன். கைப்பிடி விரல்களிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், கதவு முன்பக்கம் மடங்கி, கீல் வளைந்துவிட்டது. பிறகு அது மூடவே இல்லை. கப்பலுக்கு இரண்டு நாள் இருக்க, கதவை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சரளைச் சாலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தேன்.

செர்ரோ காஸ்டில்யோ ஊருக்குச் சற்று முன்பு சாலை முழுவதும் ஆடு. கோடை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் செம்மறி மந்தை. ஐந்தாறு நாய்கள், குதிரைமேல் ஒரு பெரியவர். நான் கதவைப் பிடித்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் ஐம்பது சொற்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது. “தனியாகவா?” என்றார், “ஆமாம்” என்றேன். சேணத்திலிருந்து ஒரு தோல்வாரை உருவி, கதவின் உள்பிடியிலிருந்து இருக்கையின் அடிக்கம்பிக்கு இழுத்து, முழங்காலைக் கதவில் ஊன்றி ஒரு முடிச்சுப் போட்டார். வார் வீணைத் தந்திபோல விறைத்தது. பிறகு குடுவையில் மாட்டே என்ற இலைத் தேநீர் ஊற்றித் தந்தார். கசந்தது, சூடாக இருந்தது, அது போதும். பணத்தை நீட்டியபோது காதில் விழாதவர்போல நாயைக் கூப்பிட்டார். பூன்டா அரேனாஸ் திரும்பும்வரை பக்கத்து இருக்கை வழியாகத்தான் ஏறி இறங்கினேன். கீலுக்கான பணத்தை நான் கட்டினேன், தவறு என்னுடையது.

கப்பல் மகெல்லன் நீரிணையைத் தாண்டி, தென் அமெரிக்காவுக்கும் அன்டார்க்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் கடற்பகுதிக்குள் நுழைந்தபோது, அதே மேற்குக் காற்று கரையின் தடையே இல்லாமல் வந்தது. அங்கே அன்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் நீரோட்டம் உலகின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கொண்டுவரும் நீரைப்போல நூறு மடங்குக்கும் மேல். அதை முக்கியமாக ஓட்டுவது இந்தக் காற்றுதான். மேல்நீரை அது வடக்கே தள்ளத் தள்ள, நெடுங்காலம் ஆழத்தில் கிடந்த நீர் மேலே ஏறி வருகிறது. அந்த நீரைப் பிடித்து அளக்கத்தான் நாங்கள் போனோம். இதைப் பல ஆண்டுகளாகப் பாடத்தில் வரைந்து காட்டியிருக்கிறேன். அம்புக்குறிகள் போட்டு, அழகாக.

தோல்வாரை நான் கப்பலுக்கு எடுத்துச் சென்றிருந்தேன். இரண்டாம் இரவு கப்பல் உருளத் தொடங்கியதும் மாதிரிப் புட்டிகள் வைத்த பெட்டியை அதைக் கொண்டு மேசைக் காலோடு கட்டினேன். அவர் போட்டது போலவே போட்டதாக நினைப்பு. விடியுமுன் பெட்டி ஆய்வறையின் அடுத்த மூலையில் கிடந்தது. வார் மட்டும் மேசைக்காலில் தொங்கிக்கொண்டிருந்தது.