பர்சார் (கல்லூரி நிதிப் பொறுப்பாளர்) நாற்காலியும் ஆடிட் மேசையும்

ஒத்தக்கடை:
ஜூன் பிறந்தால் மதுரைப் பக்கம் ஏதாவது இரண்டு கல்லூரியிலாவது முதல்வர் அறையில் ஆள் மாறும். வருகிறவர் முப்பது வருடம் இயற்பியலோ வரலாறோ நடத்தியவராக இருப்பார். பேலன்ஸ் ஷீட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் வாங்குவார். ஆடிட் பார்ட்டி வந்து உட்கார்ந்தால் எதைக் கேட்கிறார்கள், எங்கே மாட்டுகிறது என்று பார்த்துப் பழகியவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில் எழுதுங்கள். எந்தக் கல்லூரி, யார் காலத்தில் என்ற பஞ்சாயத்து வேண்டாம். என்ன தவறு, எப்படிப் பிடிபடுகிறது, எப்படிச் சரிசெய்வது, அவ்வளவு போதும்.

செல்லூர்:
எல்லாத் தலைவலிக்கும் வேர் ஒன்றுதான்: ஒரே வளாகத்தில் நாலு சட்டைப்பை. அமெரிக்கன் கல்லூரி 1881, மதுரைக் கல்லூரி 1889, லேடி டோக் 1948, தியாகராசர் 1949, பாத்திமா 1953. நம் ஊரில் பழைய கல்லூரி என்றாலே அரசு உதவி பெறும் கல்லூரிதான். பின்னால் அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவு வளர்ந்தது. ஆக, அரசு சம்பள மானியம் ஒரு பை, சுயநிதிக் கட்டணம் ஒரு பை, யூ.ஜி.சி. போன்ற இடங்களிலிருந்து வரும் திட்ட நிதி ஒரு பை, நிர்வாக அறக்கட்டளையின் பணம் ஒரு பை. நாலுக்கும் தனித்தனி கேஷ் புக், தனித்தனி வங்கிக் கணக்கு வேண்டும். பெரும்பாலான இடங்களில் இருக்கவும் இருக்கிறது. ஆனால் கரண்ட், தண்ணீர், ஜெனரேட்டர் டீசல், வாட்ச்மேன் எல்லாம் நாலுக்கும் பொது. பாரா, அதாவது தணிக்கை அறிக்கையில் ஆட்சேபம், விழுவது அங்கேதான்.

கரண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கட்டண வகை. சுயநிதிக்கு வேறு வகை, அதில் கட்டணம் அதிகம். உதவி பெறும் பிரிவின் இணைப்பிலிருந்து சுயநிதிக் கட்டடத்துக்கு வயர் இழுத்திருந்தால் மின்வாரிய ஆய்விலும் மாட்டும், தணிக்கையிலும் மாட்டும். தனி இணைப்பு வாங்குவதே சரியான வழி. வாட்ச்மேன், டீசல் மாதிரி உண்மையிலேயே பிரிக்க முடியாத செலவுக்கு ஒரு விகிதம் வையுங்கள்: மாணவர் எண்ணிக்கைப்படியோ, தளப் பரப்புப்படியோ. எதுவானாலும் கல்லூரிக் குழுவில் தீர்மானம் போட்டு, வருடம் முழுக்க அதையே பின்பற்ற வேண்டும். மார்ச் கடைசியில் உட்கார்ந்து 'அறுபதுக்கு நாற்பது' என்று ஜர்னல் என்ட்ரி போட்டால் ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தீர்மானப்படி?"

ஒரு பையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்று வாங்குவதும் இதே கதைதான். சுயநிதி, அறக்கட்டளை இரண்டுக்கும் இடையில் என்றால் தீர்மானமும் திருப்பித் தரும் தேதியும் இருந்தால் சமாளிக்கலாம். திட்ட நிதியை மட்டும் தொடவே கூடாது. ஒரு வாரத்தில் திருப்பி வைத்தாலும் பாஸ்புக் காட்டிக்கொடுத்துவிடும்.

அனுப்பானடி:
திட்ட நிதி என்றால் யூ.சி., அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் அதற்குப் படிவம் 12-ஏ. பழைய 19-ஏ படிவத்தை இன்னும் சில அலுவலகங்களில் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறார்கள். அனுப்பினால் திரும்பி வரும். நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் யூ.சி. போக வேண்டும். போகவில்லை என்றால் அடுத்த தவணை வராது.

கணக்கு எப்படி என்று ஒரு மாதிரி பார்ப்போம். வந்த மானியம் 10,00,000. செலவு 9,62,300. சேமிப்புக் கணக்கில் ஏறிய வட்டி 31,450. செலவாகாத மீதி 37,700. பலரும் இந்த 37,700-ஐ மட்டும் திருப்பிவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள். வட்டியும் கல்லூரியுடையது இல்லை. கணக்கு முடிந்த உடனே அதையும் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று விதி 230 சொல்கிறது. ஆக மொத்தம் 69,150. மத்திய அரசுக்குப் பணம் செலுத்தும் பாரத்கோஷ் தளத்தில் கட்டலாம், ரசீது உடனே வரும். யூ.சி.யில் வட்டிக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அதில் 'இல்லை' என்று எழுதி, பாஸ்புக் நகலையும் கூடவே இணைத்து அனுப்புகிறவர்களை என்ன சொல்வது?

அடுத்து ஒவ்வொரு பில்லையும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஸ்டாக் ரிஜிஸ்டர் பக்க எண், வரிசை எண், பொருளை வாங்கிக்கொண்ட துறைத்தலைவர் கையெழுத்து, தேதி இருக்க வேண்டும். பில் தேதி திட்டக் காலத்துக்குள் வர வேண்டும். திட்டம் மார்ச் 31-இல் முடிந்து, பில் ஏப்ரல் 4 என்றால் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். பொருள் மார்ச்சிலேயே வந்துவிட்டது என்ற விளக்கம் எடுபடுவது அபூர்வம். ஒரே வகைப் பொருளை ஒரே வாரத்தில் மூன்று பில்லாக உடைத்து, கொட்டேஷன் கேட்க வேண்டிய வரம்புக்குக் கீழே வைத்திருந்தால் அதையும் பிடிப்பார்கள். பில் எண்கள் அடுத்தடுத்து இருக்கும், கண்டுபிடிக்கப் பெரிய புத்தி வேண்டாம். கடைசியாக ஆடிட்டர் சான்றிதழில் யூ.டி.ஐ.என். என்ற 18 இலக்கச் சரிபார்ப்பு எண் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம்.

மேலூர்:
அனுப்பானடி சார், இப்போது பல திட்டங்களுக்கு ஜீரோ பேலன்ஸ் கணக்குத்தானே? வட்டிப் பிரச்சினையே வராதே?

அனுப்பானடி:
வட்டிப் பிரச்சினை வராது, வேறு ஒன்று வரும். அதில் பணம் வராது, செலவு வரம்புதான் வரும். மார்ச் 31 இரவோடு மிச்ச வரம்பு காலாவதி. அதனால் சப்ளையர் பேமென்ட்டை மார்ச் 20-க்குள் முடித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில், மத்திய அரசின் நிதி இந்த வழியாகப் போகும் பி.எஃப்.எம்.எஸ். தளம் திணறும். புதிதாகச் சேர்க்கும் சப்ளையரின் வங்கிக் கணக்கு அதில் சரிபார்ப்பு முடிந்து வரவும் நாளாகும்.

உசிலம்பட்டி:
சுயநிதிப் பிரிவில் அக்டோபர் மாதச் சம்பளம் ஏன் தள்ளிப்போகிறது என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். பதில் கணக்கில் இருக்கிறது. 1,200 மாணவர், செமஸ்டருக்கு 9,000 என்று வைப்போம்: 1,08,00,000. மாதச் சம்பளம் 14 லட்சம் என்றால் ஆறு மாதத்துக்கு 84 லட்சம். காகிதத்தில் 24 லட்சம் மிச்சம். ஆனால் 15 சதவீதக் கட்டணம், அதாவது 16,20,000, நேரத்துக்கு வராது. கையில் நிற்பது 7,80,000. அதில்தான் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, ஆய்வக வேதிப்பொருள், பல்கலைக்கழக இணைப்புக் கட்டணம், கரண்ட் எல்லாம். ஜூனில் பெட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து ஜூலையில் கட்டட கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தால் தீபாவளிக்கு முந்தின சம்பளம் நிற்கும்.

வராத அந்த 15 சதவீதத்தில் போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகை மாணவர்கள் கணிசம். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியலின மாணவர்களுக்கான தொகையில் மத்தியப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. ஆதார் இணைப்பில் எழுத்துப் பிழை, கணக்கு செயலற்றுப் போனது, வருமானச் சான்று காலாவதி ஆனது: இந்த மூன்றும்தான் முக்கியமான தடங்கல். கட்டணம் வரவில்லை என்று ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைப்பது தவறு, வம்பும்கூட. செப்டம்பரிலேயே ஒரு கிளார்க்கை உட்கார வைத்து ஒவ்வொரு மாணவரின் விண்ணப்ப நிலையையும் தளத்தில் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் டிசம்பரில் பாதி நிலுவை குறையும்.

இன்னொன்று பணிக்கொடை. ஆசிரியருக்கும் உண்டு. பணிக்கொடைச் சட்டத்தின் 2009 திருத்தம் 3-4-1997 முதலே அவர்களைச் சேர்த்தது, 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000, பணி 12 வருடம் என்றால் 26,000 × 15 ÷ 26 × 12 = 1,80,000. இப்படி நாற்பது பேர் இருக்கிற பிரிவில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கி வைக்காமல் 'உபரி' காட்டினால் அந்த உபரி பொய். வருடாவருடம் ஒதுக்குங்கள், முடிந்தால் எல்.ஐ.சி. குழுத் திட்டத்தில் போடுங்கள்.

வில்லாபுரம்:
ஜி.எஸ்.டி. பற்றி யாரும் பேசவில்லையே. 'கல்விக்கு வரி இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கல்லூரி மாணவருக்குத் தரும் சேவைக்குத்தான் விலக்கு. கல்லூரி வாங்கும் சேவைக்கு? செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி பில்லில் 18 சதவீதம் உண்டு. இப்படி வாங்கும் சேவைக்கு விலக்கு பிளஸ் டூ வரையுள்ள பள்ளிகளுக்கு மட்டும். ஒரே அறக்கட்டளை பள்ளியும் கல்லூரியும் நடத்தினால் ஏஜென்சி இரண்டுக்கும் சேர்த்து ஒரே பில் போடும். பள்ளிக்கும் வரி கட்டிவிடுவீர்கள். பில்லைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

அதைவிட நுணுக்கமானது ஆடிட்டோரிய வாடகை, கேன்டீன் வாடகை, வளாகத்தில் ஏ.டி.எம். வாடகை. 'வருடத்துக்கு மூன்று லட்சம்தான் வருகிறது, 20 லட்சம் தாண்டவில்லை, பதிவு தேவையில்லை' என்பார்கள். அந்த 20 லட்சத்தில் வரிவிலக்குள்ள வருமானமும் சேரும். கல்விக் கட்டணம், வங்கி டெபாசிட் வட்டி இரண்டையும் கூட்டினால் எந்தக் கல்லூரியும் ஒரு செமஸ்டரிலேயே தாண்டிவிடும். வரிக்குரிய வருமானம் ஒரு ரூபாய்கூட இல்லாதவருக்குத்தான் பதிவிலிருந்து முழு விலக்கு.

2024 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இரண்டு விஷயத்தைத் தெளிவாக்கியது. பல்கலைக்கழகம் கல்லூரிகளிடம் வாங்கும் இணைப்புக் கட்டணத்துக்கு 18 சதவீத வரி உண்டு. சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம், ஆய்வு மையம் வாங்கும் ஆராய்ச்சி மானியத்துக்கு வரி இல்லை. முதலாவதைப் பட்ஜெட்டில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். கட்டின வரியைத் திருப்பி எடுக்கவும் வழியில்லை.

ஆரப்பாளையம்:
தன்னாட்சிக் கல்லூரி என்றால் நிதிக்குழு கட்டாயம். முதல்வர் தலைவர். ஆட்சிக்குழு நியமிக்கும் ஒருவர், இணைப்புப் பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலர், சுழற்சியில் ஒரு மூத்த ஆசிரியர். வருடத்துக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். ஏட்டில் எல்லா இடத்திலும் கூடுகிறது. உண்மையில் பல இடங்களில் மார்ச் மாதம் ஒரு மதியம் கூடி, சாப்பாட்டுக்கு முன் பட்ஜெட்டைப் 'பரிசீலித்து ஏற்று', கலைந்துவிடும். பல்கலைக்கழக நிதி அலுவலருக்குக் கடிதம் மூன்று நாள் முன்னால் போயிருக்கும். நாகமலைப் பக்கம், காமராசர் பல்கலைக்கழகத்தில், அவருக்கே ஆயிரம் பிரச்சினை, எப்படி வருவார்? மூன்று வாரம் முன்னால் அஜெண்டாவோடு அனுப்புங்கள். வர முடியவில்லை என்றால் எழுத்தில் கருத்தாவது வாங்கி மினிட்ஸில் சேருங்கள்.

அஜெண்டாவில் பட்ஜெட் மட்டும் இருந்தால் அது கையெழுத்துக் கூட்டம்தான். போன வருட பட்ஜெட், உண்மைச் செலவு, வித்தியாசம், காரணம் என்று நாலு கட்டம் போட்ட ஒரே தாள் வையுங்கள். கூடவே பழைய ஆடிட் பாராக்களின் பட்டியல்: எந்த வருடப் பாரா, எவ்வளவு தொகை, பதில் போனதா. முதல்வர் மாறினாலும் பாரா மாறாது. பத்து வருடத்துக்கு முந்தைய பாராவுக்கு இன்றைய முதல்வர் ஓய்வுபெறும்போது நிலுவையின்மைச் சான்று நின்றுபோகும்.

மேலூர்:
நாக் (தர மதிப்பீடு) அறிக்கையில் ஒரு தொகை, என்.ஐ.ஆர்.எஃப். (தேசியத் தரவரிசை) படிவத்தில் வேறு தொகை, பேலன்ஸ் ஷீட்டில் மூன்றாவது தொகை. இது தப்பா?

ஆரப்பாளையம்:
தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. என்.ஐ.ஆர்.எஃப். மூலதனச் செலவில் கட்டடத்தைச் சேர்க்கக் கூடாது; நடைமுறைச் செலவில் விடுதிப் பராமரிப்பும் சேராது. நாக் கேட்கும் உள்கட்டமைப்புச் செலவில் கட்டடம் வரும், அதுவும் லட்சத்தில் எழுத வேண்டும். ரூபாயை லட்சக் கட்டத்தில் அப்படியே போட்டுக் கல்லூரியை அம்பானி ஆக்கியவர்கள் உண்டு. இந்த இரண்டு அறிக்கையிலும் தேய்மானத்தைச் செலவாகக் காட்டுவதுதான் நிஜத் தவறு. மூன்று தொகையும் எப்படி வேறுபடுகிறது என்று ஒரு இணக்கத் தாள் தயாரித்து, ஆடிட்டர், முதல்வர் கையெழுத்தோடு ஃபைலில் வையுங்கள். சரிபார்ப்புக் குழு கேட்டால் அதை நீட்டினால் போதும்.

செல்லூர்:
காஷன் டெபாசிட்டை, அதாவது மாணவர் சேரும்போது வாங்கி, போகும்போது திருப்பித் தர வேண்டிய பணத்தை, விட்டுவிட்டோம். அது வருமானம் இல்லை, கடன். படிக்கிற மாணவர் எண்ணிக்கையைத் தொகையால் பெருக்கி, போனவர்கள் வாங்காமல் விட்டதையும் கூட்டினால் வங்கியில் அவ்வளவு இருக்க வேண்டும். பல இடங்களில் அது எப்போதோ பெயின்ட் அடிக்கப் போயிருக்கும்.

ஒத்தக்கடை:
எல்லாருக்கும் நன்றி. முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றை நானே சேர்க்கிறேன். வங்கியில் கையெழுத்து மாற்றத்தை எல்லாரும் நினைவு வைத்துச் செய்துவிடுவார்கள். பி.எஃப்.எம்.எஸ்., களஞ்சியம் (தமிழக அரசின் சம்பளத் தளம்), வருமான வரி, டிரேசஸ் (டி.டி.எஸ். தளம்), பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி., எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை) எல்லாத் தளத்திலும் பதிவான கைப்பேசி எண் யாருடையது என்று பாருங்கள். பாதி பழைய முதல்வருடையதாக இருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோங்கிளும் அவர் பெயரில்தான், காலாவதித் தேதியோடு. மே 31-க்கு முன்னால், அவர் வளாகத்தில் இருக்கும்போதே உட்கார வைத்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பி.எஃப். கட்ட வேண்டிய 15-ஆம் தேதி சாயங்காலம், கொடைக்கானலில் சிக்னல் இல்லாத இடத்தில் பேரனோடு இருக்கும் ஒருவரின் ஓ.டி.பி.க்காக மொத்த அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனும் காத்திருக்கும்.