‘கிட்னி ஸ்வாப்’: ‘மாறுகொடை’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே.

‘கிட்னி ஸ்வாப்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்த ‘சிறுநீரகப் பரிமாற்றம்’, ‘குறுக்குக் கொடை’, ‘இணை மாற்று’ மூன்றையும் சென்ற வாரம் டயாலிசிஸ் பிரிவில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவங்களைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. மூன்றும் அங்கே எடுபடவில்லை.

கணவருக்கு பி வகை ரத்தம். மனைவி கிட்னி தரத் தயார், ஆனால் அவருக்கு ஏ வகை. இன்னொரு குடும்பத்தில் நேர்மாறு: நோயாளி ஏ, தர வந்தவர் பி. அந்த வீட்டுக் கிட்னி இங்கே, இந்த வீட்டுக் கிட்னி அங்கே. இதைப் ‘பரிமாற்றம்’ என்று விளக்கி முடித்ததும் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: “அப்ப என்னோடத வித்துட்டு வேற ஒண்ணு வாங்கப் போறோமா சார்?”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கிட்னி விற்றவர்கள் பெருகியதால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் விழுந்த நாடு இது. பரிமாற்றம் என்றால் காதில் விழுவது பணப் பரிமாற்றம்தான். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் முக்கியமாக இந்த வணிகத்தைத் தடுக்க வந்தது. 2011 திருத்தத்தில்தான் இரண்டு குடும்பங்கள் இப்படி ஒன்றுக்கொன்று கொடுக்கத் தெளிவான இடம் கிடைத்தது. அதற்கும் கொடுப்பவர் தம் நோயாளிக்கு நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், அங்கீகாரக் குழு ஒப்ப வேண்டும். அமெரிக்காவிலும் 2007-இல் சட்டம் போட்டுத்தான் இது விலைக்கு வாங்குவதாகாது என்று தெளிவாக்கினார்கள். நம் சொல்லில் வியாபார வாடை அடித்தால், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள். அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

‘குறுக்கு’ என்றதும் குறுக்குவழி நினைவுக்கு வருகிறது. ‘இணை மாற்று’ இன்னும் சங்கடம்; கணவன் மனைவி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தவிர, ‘மாற்று’ ஏற்கெனவே உறுப்பு மாற்றுக்குப் போய்விட்ட சொல்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியவர் பக்கத்தில் இருந்த மாமியார். “ஏம்மா, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறதில்லையா, அது மாதிரி” என்றார். மருமகளுக்கு உடனே விளங்கிவிட்டது. அதிலிருந்து ‘கொண்டுகொடை’ என்று ஒரு சொல் தோன்றியது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் கொள்வினை கொடுப்பினை என்றால் இரு வீட்டுக்கும் சம்பந்தம் ஏற்பட்டுவிடும். சீர், செய்முறை எல்லாம் பின்னாலேயே வரும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு: மாறுகொடை. ‘மாறுகால் மாறுகை’ என்னும்போது ஒரு பக்கத்துக் காலும் எதிர்ப்பக்கத்துக் கையும் என்றுதானே பொருள்? அந்த ‘மாறு’ இங்கே அப்படியே பொருந்துகிறது. கைம்மாறு என்ற சொல்லின் சாயலும் கூடவே வரும், பணம் நினைவுக்கு வராது. ‘கொடை’ என்ற பகுதி எக்காரணம் கொண்டும் விடுபடக் கூடாது.

வரையறை எழுதும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். பொருந்தாமை என்றால் ரத்த வகை மட்டுமில்லை. பிள்ளை பெற்ற பெண்ணின் உடலில் கணவரின் திசுக்கூறுகளுக்கு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகியிருக்கலாம். ரத்த வகை ஒன்றாக இருந்தும் கணவரின் கிட்னி அவருக்கு ஆகாமல் போகும். அடுத்தது, ஒரே வேளையில் நடப்பது. ஒரு வீட்டார் பெற்றுக்கொண்ட பின் அவர்கள் பக்கத்துக் கொடையாளர் மனம் மாறினால் யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் நான்கு பேருக்கும் ஒரே முகூர்த்தத்தில் அறுவை சிகிச்சை வைப்பதே வழக்கம். வரையறையில் இதற்கு ஒரு வரி போதும், ஆனால் அந்த வரி இருக்க வேண்டும்.

1986-இல் உறுப்பு மாற்று மருத்துவர் ஃபெலிக்ஸ் ரப்பபோர்ட் இந்த யோசனையை எழுதினார். 1991-இல் தென்கொரியாவில் அது முதன்முதலாக நடந்தது. பிறகு மூன்று, நான்கு குடும்பங்களைக் கோக்கும் கணக்குமுறைகளைப் பொருளியலாளர் ஆல்வின் ராத்தும் உடனிருந்தவர்களும் வகுத்தார்கள். அவற்றை ‘மூவழி மாறுகொடை’, ‘நால்வழி மாறுகொடை’ எனலாம். அதுவரை சிக்கலில்லை.

சிக்கல் சங்கிலியில் இருக்கிறது. அமெரிக்காவில் 2007-இல் தொடங்கிய ஒரு சங்கிலியின் தலையில் இருந்தவர் தமக்கென்று நோயாளி யாரும் இல்லாதவர். முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுத்தார். அந்த நோயாளியின் வீட்டார் அடுத்தவருக்கு, அவர் வீட்டார் அதற்கடுத்தவருக்கு என்று அது நீண்டது. இதை ‘மாறுகொடைத் தொடர்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த முதல் ஆளுக்கு எதிர்ப்பக்கம் என்று எதுவும் கிடையாது. அவர் கொடுத்ததை ‘மாறுகொடை’ என்பது தவறு. ‘முதற்கொடை’ என்றால் தட்டையாக இருக்கிறது, ‘ஊற்றுக்கொடை’ என்று எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.