கன்னத்தில் கறுப்புத் தடிப்பு, கழுத்தில் சதைப்பரு: பூசிக் கரைக்க மருந்து இருக்கிறதா?

உப்புவெளிக்காரி:
வணக்கம். எனக்கு 56 வயது. வலது காதுக்கு முன்னால், மூக்குக் கண்ணாடியின் காம்பு படும் இடத்தில் ஒரு கறுப்புத் தடிப்பு. மெழுகு சொட்டிக் காய்ந்து ஒட்டியது போல இருக்கும், நகத்தால் கிளப்பிவிடலாம் போலத் தோன்றும். நாலு வருடமாக மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. கழுத்தைச் சுற்றி ஏழெட்டுச் சதைப்பரு. தாலிக்கொடி உரசி உரசி அதில் ஒன்று சிவந்து நோகிறது.

சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து வைத்தால் ஒரு கிழமையில் விழுந்துவிடும் என்கிறார் மாமி. பாலுண்ணிக்குப் போடும் சலிசிலிக் அமிலப் போத்தல் ஒன்றும் வாங்கினேன், இன்னும் திறக்கவில்லை. அடுத்த மாதம் மகளுக்குக் கலியாணம். வெட்டினால் தழும்பு வருமோ என்று பயமாக இருக்கிறது. பூசி மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மூதூர்த் தம்பி:
அக்கா, எனக்கு விரலில் பாலுண்ணி வந்தபோது அம்மம்மா அம்மான் பச்சரிசிப் பால் தொட்டு வைத்தார். கொஞ்ச நாளில் விழுந்தது. தானாக விழுந்ததோ தெரியாது. முகத்துக்கு என்றால் நான் சொல்ல மாட்டேன்.

ஓர்ஸ்ஹில் அக்கா:
தங்கச்சி, அந்தச் சுண்ணாம்பைக் கையாலும் தொடாதேங்கோ. எனக்கும் கன்னத்தில் இதே மாதிரி ஒன்று இருந்தது. நானும் சுண்ணாம்பு வைத்தேன். முதல் நாள் எரிவு, இரண்டாம் நாள் தோல் வெந்து நீர் வடிந்தது, பிறகு பொருக்குக் கட்டியது. பொருக்கு விழுந்த இடத்தில் ஒரு ரூபாய்க் குத்தி அளவில் வெள்ளைத் தழும்பு. மூன்று வருடமாகிறது, இன்னும் இருக்கிறது. தடிப்பின் ஓரம் பாதி அப்படியே மிஞ்சியும் விட்டது.

அதற்குப் பிறகுதான் தோல் கிளினிக்குக்குப் போனேன். வெளிச்சம் வைத்த சின்ன லென்சைத் தோலில் வைத்துப் பார்த்துவிட்டு, இது செபோரிக் கெரட்டோசிஸ், வயது போகப் போக வருவது, புற்றுநோய் இல்லை, யாருக்கும் தொற்றாது என்றார் டொக்டர். “அப்ப ஒரு கிறீம் தாங்கோவன்” என்று கேட்டேன். யூரியா கிறீம் சொரசொரப்பைக் கொஞ்சம் மெதுமையாக்கும், நம்பிக் கரைக்கக்கூடிய கிறீம் என்று ஒன்றும் இல்லை என்றார். கடைசியில் மரக்க வைத்துவிட்டு, மிஞ்சியிருந்ததை மேலாகச் சுரண்டி எடுத்தார். திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைக்கிற முறையும் உண்டு. ஆனால் அந்தக் குளிர் நிறம் தரும் செல்களைக் கொன்றுவிடும், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழலாம் என்று எனக்கு அதைச் செய்யவில்லை.

சுரண்டினாலும் சில மாதம் கறுப்பு அடையாளம் நிற்கும். அதனால் முகத்தில் இருப்பதைக் கலியாணம் முடிந்த பிறகு எடுப்பியுங்கோ. காட்டுவதை மட்டும் தள்ளிப் போடாதேங்கோ. நீங்கள் எழுதியதை வைத்து இதுதான் என்று நாங்கள் சொல்லக் கூடாது. இரத்தம் கசிந்தால், புண்ணாகி ஆறாமல் நின்றால், ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிறம் தெரிந்தால், திடீரென வளர்ந்தால் நாளைக்கே போங்கோ.

மருந்துக்கடைப் பையன்:
பாமசியில் வேலை செய்கிறேன். அம்மா, அந்தப் போத்தலின் தாளை ஒருக்கால் வாசியுங்கள். முகத்தில் போடக் கூடாது, மச்சத்தில் போடக் கூடாது, சீனி வருத்தக்காரர் டொக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்று இருக்கும். பாலுண்ணி வைரஸால் வருவது. தடித்த தோலை அடுக்கடுக்காக உரிப்பதுதான் அந்த அமிலத்தின் வேலை, அதற்கே 12 கிழமை வரை போகும். சதைப்பரு மெல்லிய காம்பில் தொங்கும் சாதாரணத் தோல். அதில் போட்டால் கழுத்துத் தோல்தான் வேகும்.

இன்னொன்று. ஹைட்ரஜன் பெரொக்சைட்டை 40 சதவீதச் செறிவில் இந்தத் தடிப்புக்கு என்று அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதித்தார்கள். டொக்டர் தன் கையால் பூசும் மருந்து அது. பிறகு அந்தக் கம்பனியே விற்பனையை நிறுத்திவிட்டது. அதைக் கேள்விப்பட்டு, காயம் கழுவும் பெரொக்சைட்டைச் சிலர் வந்து கேட்கிறார்கள். அது 3 சதவீதம் அளவுதான், தடிப்புக்கு ஒன்றும் செய்யாது. தயவு செய்து செறிவானதை ஓன்லைனில் தேடி வாங்கவும் வேண்டாம்.

கழுத்தில் பரு நிறைய என்றால் இரத்தத்தில் சீனியையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வருவது உண்டு.

உப்புவெளிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் தழும்பைப் பற்றி வாசித்ததும் மாமியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீனி பார்த்தேன், வெறும் வயிற்றில் 134. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மறுபடியும் ஒருமுறை பார்த்துத்தான் உறுதி சொல்லலாமாம். செவ்வாய்க்கிழமை விடிய நம்பர் எடுத்து இரண்டையும் காட்டப் போகிறேன். அதுவரைக்கும் தாலிக்கொடியைச் சட்டைக் கழுத்துக்கு மேலால் விட்டிருக்கிறேன், உரசல் குறைந்து சிவப்பும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.