மறு: கலைச்சொல் – ஆட்டத்தில் கூடவே வரும் பாத்திரத்துக்கு என்ன பெயர்?

கோட்டூர்புரத்திலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம்.

'தி லாஸ்ட் கார்டியன்' என்ற வீடியோ ஆட்டத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றிய தமிழ்க் கட்டுரை வரைவு நிலையில் இருக்கிறது. அதில் ஒரு சொல் மட்டும் ஒவ்வொரு பத்தியிலும் ஒவ்வொரு வேடம் போடுகிறது. ஆட்டக்காரர் நேரடியாக இயக்காத, ஆனால் கடைசிவரை அவரோடு வந்து, அவருக்கு உதவி, அவரிடம் உதவியும் பெறும் பாத்திரத்தை ஆங்கிலத்தில் கம்பேனியன் என்கிறார்கள். வரைவில் ஓரிடத்தில் 'துணைவர்', இன்னோரிடத்தில் 'கூட்டாளி', படக்குறிப்பில் 'துணைப்பாத்திரம்'.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இயக்குநர் ஃபுமிட்டோ உவேடா. 2001இல் 'ஐகோ', 2005இல் 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' செய்தவர். 2009இல் பிளேஸ்டேஷன் 3க்கு என்று அறிவிக்கப்பட்ட இந்த ஆட்டம், 2016 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4இல்தான் வந்தது. பெயர் சொல்லப்படாத ஒரு சிறுவனும் ட்ரிகோ என்ற இறகு முளைத்த பெரிய விலங்கும் ஒரு பாழ்நகரத்திலிருந்து தப்ப முயல்வதுதான் கதை. நாம் இயக்குவது சிறுவனை மட்டும். ட்ரிகோவைக் கூப்பிடலாம், திசை காட்டலாம். அதன் பிறகு நடப்பது அதன் பாடு. திறனாய்வாளர்களைப் பிரித்ததும் இதுவே. திறனாய்வு மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 'ஐகோ'வுக்கு நூற்றுக்கு 90, இதற்கு 82.

ஆகவே நாம் தேர்வது வெறும் பெயர்ச்சொல் இல்லை. சொல்லிலேயே ஒரு கட்சி சாய்ந்துவிடக் கூடாது.

மயிலாப்பூரிலிருந்து:

> துணைவர், கூட்டாளி, துணைப்பாத்திரம்

மூன்றையும் விலக்கலாம். 'துணைவர்' என்றால் இன்று வாழ்க்கைத்துணை. அத்துடன் அது உயர்திணைச் சொல். 'துணைவர் ட்ரிகோ வாலை ஆட்டியது' என்று எழுதினால் திணை இடிக்கிறது. 'கூட்டாளி'யைச் செய்தித்தாள்கள் வணிகப் பங்காளிக்கும் திருட்டு வழக்கில் உடனிருந்தவனுக்கும் கொடுத்துவிட்டன. 'துணைப்பாத்திரம்' இன்னும் தவறு. கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்பவர் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ட்ரிகோ கூட்டத்தில் நிற்பதா? அதை எடுத்துவிட்டால் அந்த ஆட்டமே இல்லை.

அகப்பொருள் இலக்கணத்தில் பாங்கன், பாங்கி உண்டு. தலைவனுக்கும் தலைவிக்கும் உற்ற துணை, அறிவுரையும் சொல்பவர்கள். பொருள் மிக நெருக்கம். ஆனால் ஆண்பால் பெண்பால் விகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, விலங்குக்கு வழி இல்லை.

என் பரிந்துரை: வழித்துணை. புதிதாகச் செய்ய வேண்டிய சொல்லே இல்லை. 'தனியாகப் போகாதே, வழித்துணைக்கு யாரையாவது கூட்டிப்போ' என்று வீட்டில் சொல்கிறோம். வேலூர் அருகே விரிஞ்சிபுரத்து இறைவனுக்கு வழித்துணைநாதர் என்று பெயர். ஆள், விலங்கு, தெய்வம், வேல் எதற்கும் பொருந்துவதால் திணைச் சிக்கல் வராது. 'பயோஷாக் இன்ஃபினிட்' ஆட்டத்தில் எலிசபெத் என்ற வழித்துணை வந்தாள், ட்ரிகோ என்ற வழித்துணை வந்தது. வினைமுற்று பாத்திரத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளும்.

வேற்றுமை ஏற்றிப் பார்த்தேன். வழித்துணையை, வழித்துணைக்கு, வழித்துணையின், வழித்துணைகள், வழித்துணையாட்டம் எல்லாம் நாவில் தடங்கலின்றி வருகின்றன. ஐந்தே எழுத்து. மெனுப் பொத்தானிலும் அடங்கும். 'உடன்வரு கதைமாந்தர்' என்றால் பதினொன்று. கைப்பேசித் திரையில் இரண்டு வரியாக உடையும்.

அம்பத்தூரிலிருந்து:

ஐயா, வழித்துணை நன்றாக இருக்கிறது. ஒரு தயக்கத்தையும் தீர்த்துவிடுவோம். துணைவேந்தர், துணைத்தலைவர், துணை ஆட்சியர் என்று எழுதி எழுதி 'துணை' என்றாலே ஒரு படி கீழே என்ற எண்ணம் வந்துவிட்டது. அது முன்னொட்டாக வரும்போது மட்டும். பின்னால் வரும் துணைக்கு அந்தத் தாழ்வு கிடையாது. திருக்குறளின் 45ஆம் அதிகாரம் 'பெரியாரைத் துணைக்கோடல்'. அங்கே துணை என்பவர் நம்மைவிடப் பெரியவர். சிறுவனுக்கு ட்ரிகோ அப்படித்தான். கவசப் படைவீரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தால், பொத்தான்களை மாறி மாறி அழுத்தித் திமிறுவதைத் தவிர அவனால் ஆவது கொஞ்சம். வந்து நொறுக்குவது ட்ரிகோ.

ஆனால் அந்தப் பெரியதும் அவனை நம்பியிருக்கிறது. கண் வடிவம் தீட்டிய வண்ணக்கண்ணாடி எதிரே இருந்தால் ட்ரிகோ ஓரடி நகராது. சிறுவன் போய் அதை அகற்ற வேண்டும். சண்டை முடிந்ததும் உடலில் தைத்த ஈட்டிகளைப் பிடுங்கி, தடவிக்கொடுத்து அடக்க வேண்டும். பசித்தால் பீப்பாயைத் தேடிக் கொண்டுவர வேண்டும். தொடக்கத்தில் நாம் பக்கத்திலேயே நின்றால் அதைத் தின்னாமல் முறைக்கும். விலகி நின்றால்தான் வாய் வைக்கும். இந்த இரு பக்கக் கடனும் சொல்லில் இருக்க வேண்டும், 'துணை'யில் இருக்கிறது.

இதோடு சேர்த்து இன்னொரு சொல்லும் தேவை. வழித்துணை வேறு, நாம் பாதுகாத்துக் கூட்டிச்செல்ல வேண்டிய ஆள் வேறு. 1997இல் 'கோல்டன்ஐ 007'இன் நடால்யா, 2005இல் 'ரெசிடென்ட் ஈவில் 4'இன் ஆஷ்லி இந்த வகை. ஆஷ்லியை 'நில்', 'வா' என்று சொல்லலாம், குப்பைத்தொட்டிக்குள் ஒளித்துவைக்கலாம். எதிரி தூக்கிப்போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. இப்படிப்பட்ட கட்டத்துக்கு 'வழிக்காவல்' என்று வைத்தால் இணையாக நிற்கும். நம்மோடு வருவது வழித்துணை, நாம் காப்பது வழிக்காவல். வழிக்காவல் கட்டங்கள் மேல் ஆட்டக்காரர்களுக்கு இருந்த வெறுப்பைத் தெரிந்துகொள்ளாமல் பிந்தைய வடிவமைப்புகள் புரியாது. 2013இல் 'பயோஷாக் இன்ஃபினிட்'டின் எலிசபெத்தை நாம் காக்கவே வேண்டாம். அவளே தோட்டாவும் மருந்தும் எடுத்து வீசுவாள். அதே ஆண்டு 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'ஸில் பதுங்கிப்போகும்போது எல்லி எதிரியின் கண்ணெதிரே ஓடினாலும் எதிரி பார்க்கமாட்டான். மெய்ம்மை குறைகிறது என்று சிலர் எழுதினார்கள். ஆட்டக்காரர் செய்யாத பிழைக்கு அவரைத் தண்டிக்காத நல்ல முடிவு அது என்பது என் கருத்து.

தரமணியிலிருந்து:

இரண்டு சொல்லுக்கும் ஆதரவு. ஆனால் வரைவில் இதைவிடப் பெரிய குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. 'கட்டுப்பாடு சரியில்லை என்று பலர் குறைகூறினர்' என்ற வரி. மூலத் திறனாய்வுகளிலேயே பல வேறு வேறு கோளாறுகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். தமிழில் எழுதும்போதாவது பிரித்துவிடலாம்.

கேமரா முதலில். குறுகிய அறைக்குள் பெரிய விலங்கு நிற்கும்போது அது சுவருக்கும் இறகுக்கும் நடுவே சிக்கி, சிறுவன் எங்கே என்றே தெரியாமல் போகும். அடுத்து சிறுவனின் அசைவு: ட்ரிகோ மேலிருந்து இறங்க நினைத்தால் மறுபடி இறகையே பற்றிக்கொள்வான். இதோடு ஃபிரேம் வேகமும், அதாவது திரையில் விநாடிக்கு எத்தனை படங்கள் மாறுகின்றன என்பதும், சேர்கிறது. சாதாரண பிளேஸ்டேஷன் 4இல் இலக்கு விநாடிக்கு 30 ஃபிரேம், திறந்தவெளிக் காட்சிகளில் அதற்கும் கீழே விழுகிறது. 30இல் ஒரு ஃபிரேம் 33 மில்லிநொடி, 20க்கு இறங்கினால் 50. பொத்தானை அழுத்தியதும் கை கனப்பது இதனால்தான். இதற்கு 'உள்ளீட்டுத் தாமதம்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

ட்ரிகோ கேட்காமல் நிற்பது வேறு கணக்கு. மில்லிநொடியில் இல்லை, நொடிக்கணக்கில் அளக்க வேண்டியது. கைக்கருவியின் ஆர்1 பொத்தானை அழுத்தியபடி அதிலுள்ள திசைக்குச்சியால் திசை காட்டினால் அது முதலில் தலையைத் திருப்பும், உயரத்தைப் பார்க்கும், உடலைத் தாழ்த்தும், பிறகே தாவும். இந்த ஆயத்தத்தின் நடுவே பொறுமை இழந்து திசையை மாற்றி மாற்றிக் காட்டினால் மேலும் குழம்பும். ஒருமுறை காட்டிவிட்டு விட்டுவிடுவதே நல்லது. நீரில் மூழ்கிக் கடக்க வேண்டிய இடத்தில் பலர் மாட்டிக்கொண்டதும் இதனால். வழி தவறு என்று எண்ணி வேறெங்கோ தேடப் போய்விடுகிறார்கள்.

இரண்டும் வேறு என்பதற்குச் சான்று ஒன்று. அப்டேட் ஏற்றாத வட்டுப் பதிப்பைப் பிளேஸ்டேஷன் 5இல் போட்டால் 60 ஃபிரேமில் ஓடுகிறது. சிறுவன் இலகுவாகிவிடுகிறான். ட்ரிகோவின் நிதானம் அப்படியே இருக்கிறது. அது வன்பொருளின் பிழையாக இருந்தால் அதுவும் குறைந்திருக்க வேண்டும்.

எனவே இதற்குத் தனிச்சொல் வேண்டும். எளிய தமிழில் 'தயக்கம்' என்றே வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

மயிலாப்பூரிலிருந்து:

தயக்கம் அழகான சொல், ஆனால் கலைச்சொல்லாக வேண்டாம். தயங்குவதற்கு மனம் வேண்டும். ட்ரிகோவுக்கு மனம் இருப்பதாக உணர்ந்தவர்கள்தான் ஆட்டத்தைப் பாராட்டினார்கள், நிரல் பிசகியதாக உணர்ந்தவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள். அந்தச் சொல்லை வைத்தால் தீர்ப்பை நாமே எழுதிவிட்டோம்.

சொல்வதற்கும் நடப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தை மட்டும் குறிக்கட்டும்: 'ஏவல் இடைவெளி'. ஏவல் வினை பள்ளி இலக்கணத்திலேயே வருவதால் யாருக்கும் அந்நியமாக இராது. இடைவெளி ஏன் வந்தது என்பதைத் திறனாய்வாளர் சொல்லட்டும். ட்ரிகோ பயந்து நிற்பதும் உண்டு, தப்பான மூலையில் சுவரைப் பார்த்து நிற்பதால் தாவ முடியாமல் போவதும் உண்டு. இரண்டாவது வகையை ஆட்டத்தின் அன்பர்களும் பிழை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்ற ஆட்டங்களையும் இதே அளவுகோலால் அளக்கலாம். 2018இன் 'காட் ஆஃப் வா'ரில் சதுரப் பொத்தானை அழுத்தினால் அட்ரியஸ் அம்பு விடுகிறான்; ஏவல் இடைவெளி ஏறக்குறைய இல்லை. வழித்துணை பொத்தானாகவே ஆகிவிடுவதன் வசதியும் இழப்பும் அங்கே தெரியும். 2009இன் 'ரெசிடென்ட் ஈவில் 5'இல், தனியாக ஆடும்போது ஷேவா கேட்காமலே தோட்டாவையும் மூலிகையையும் செலவழிப்பாள். அது இடைவெளிச் சிக்கலே இல்லை, ஏவாமல் செய்வது. அதையும் ட்ரிகோவின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கோட்டூர்புரத்திலிருந்து:

மூன்று சொற்களையும் எடுத்துக்கொள்கிறேன். அனைவருக்கும் நன்றி. 'தயக்கம்' என்பதைக் கலைச்சொல்லாக இன்றி, பாராட்டியவர்களின் பார்வையைச் சொல்லும் இடத்தில் மட்டும் வைத்திருக்கிறேன். வரவேற்புப் பகுதியின் முதல் பத்தி இப்போது இப்படி இருக்கிறது. சந்தி, ஒற்றுப்பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

"வழித்துணையாட்டங்களில் 'தி லாஸ்ட் கார்டியன்' அளவுக்குக் கருத்து வேறுபட்டவை குறைவு. ட்ரிகோவின் உடலசைவையும் கலை வடிவமைப்பையும் பெரும்பாலோர் பாராட்டினர். ஒலியமைப்புக்காக 2017இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. கேமராவையும் ஃபிரேம் வேகச் சரிவையும் பாராட்டியவர்களும் குறையாகவே சுட்டினர். கருத்து பிரிந்தது ஏவல் இடைவெளியில். தன் விருப்பமுள்ள விலங்கின் தயக்கமாக அதை ஏற்றவர்கள், இரு பாத்திரங்களுக்கும் இடையே நம்பிக்கை வளர்வதை அந்தக் காத்திருப்பே உணர்த்துவதாகக் கருதினர். ஏவியது உடனே நடக்க வேண்டும் என எதிர்பார்த்தவர்களுக்கு, புதிரின் விடை தெரிந்த பின்னும் வழித்துணைக்காக நிற்பது அலுப்பூட்டியது. ட்ரிகோ தவறான இடத்தில் நின்று தாவாத தருணங்கள் இரண்டாம் தரப்புக்கு வலுச் சேர்த்தன."